த்ரீ பேஸ் இருக்கா?

வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பது தெருவுக்கே தெரிந்திருந்தது, துரைராஜைத் தவிர. முந்தின நாள் சாயங்காலமே தசரதன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அவன் மனைவி பச்சையம்மா தன் பங்குக்குச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் கூட மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது, "நாளைக்கு ஸ்கேனாமே, ஒண்ணும் சாப்பிடாம போங்க" என்று குரல் கொடுத்தார். அப்படியிருக்க, முடிச்சூர் ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது துரைராஜின் மீசையில் ஒட்டிக்கொண்டிருந்தது தேங்காய்ச் சட்னிதான் என்பதில் தசரதனுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

"இன்னா மச்சான் இது?"

"எது?"

"மீசையில இன்னா கீது?"

துரைராஜ் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "நாலு இட்லி. அதுக்கு இன்னா இப்போ?"

"துன்னக் கூடாதுன்னு சொன்னாங்களா இல்லியா?"

"சாப்பாடு சாப்பிடக் கூடாதுன்னு சொன்னாங்க. நான் சாப்பாடா துன்னேன்? நாஷ்டாதான துன்னேன்."

தசரதன் ஆட்டோ வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தான். சொல்லி என்ன ஆகப்போகிறது? துரைராஜ் பச்சையம்மாவின் அண்ணன். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் தங்கை வீட்டு மாடி அறையிலேயே இருந்துவிட்ட மனுஷன். தண்ணி லாரி ஓட்டுகிறான். ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு வேறு ஒரு அர்த்தம் கண்டுபிடித்து, அந்த அர்த்தத்தில்தான் தான் சரி என்று நிற்பான். தங்கை புருஷனாக இத்தனை வருஷம் இருந்ததில் தசரதனுக்கு முடி கொட்டியதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

லாரி டிரைவர்களுக்கு என்று நடந்த ஒரு இலவச முகாமில்தான் எல்லாம் ஆரம்பித்தது. வயிற்றில் ஜெல்லைத் தடவிப் பார்த்தவர்கள், ஈரலில் ஒரு கட்டி தெரிகிறது, பெரிய டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சின்மயி என்று ஈரல் டாக்டர். சின்ன வயசுதான், ஆனால் நிதானமாகப் பேசுகிறவர். ரத்தத்தைச் சோதித்து, பி வகை மஞ்சள் காமாலைக் கிருமி பல வருஷமாக உள்ளேயே இருந்திருக்கிறது, ஈரல் சுருங்கிப் போயிருக்கிறது என்றார். கட்டி சாதாரணக் கட்டியாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம் என்றார். புற்றுநோய் என்றால், சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் வழி உண்டு, நாள் போகப் போக வழி குறையும் என்றும் சொன்னார். கடைசியாகத்தான், "டைன்னு ஒரு மருந்து ஊசி போட்டு, வயித்துக்கு த்ரீ பேஸ் சிடி ஒண்ணு எடுக்கணும். சீக்கிரமா எடுத்துட்டு வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அதுவரை சொன்னதில் பாதி புரியாமல் நின்றிருந்த தசரதன், "த்ரீ பேஸ்" என்றதும் நிமிர்ந்துவிட்டான். அவன் பிழைப்பே அதுதான். வயலாக இருந்த இடமெல்லாம் பிளாட் போட்டு அடுக்குமாடியாக எழும்பிய முடிச்சூரில், போர்வெல்லுக்குள் மோட்டார் இறக்குவதும், கருகிப்போன மோட்டாரை மேலே தூக்குவதும் அவன் வேலை. கரண்ட் லைனில் மூன்று பேஸில் ஒன்று போனால் மோட்டார் உறுமும், ஓடாது. விட்டுவைத்தால் உள்ளே சுற்றியிருக்கும் காயில் கம்பி கருகிவிடும். இதை அவன் எத்தனை வீட்டுக்காரர்களிடம் சொல்லி அலுத்திருக்கிறான். அவ்வளவு பெரிய ஸ்கேன் மெஷின் சிங்கிள் பேஸில் ஓடுமா? டாக்டரம்மா விவரமானவர் என்று நினைத்து, பெரிய மனுஷனைப் போலத் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

அந்த ஆஸ்பத்திரி மெஷினுக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஒரு வாரமெல்லாம் முடியாது என்று பச்சையம்மா அழுதாள். தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் மறுநாளே வரச் சொன்னார்கள். சரி என்று கிளம்பப் பார்த்தால் சீட்டைக் காணோம். துரைராஜ் சட்டைப் பையில் வைத்திருந்தான். சட்டையைப் பச்சையம்மா ஊறப் போட்டிருந்தாள். துவைத்து எடுத்தபோது பைக்குள்ளே அரைத்த மாவு மாதிரி ஏதோ ஒன்று உருண்டையாக வந்தது.

"சீட்டு எதுக்கு? அந்தம்மா சொன்னது எனக்குக் காதுலயே கீது," என்றான் தசரதன். "டை ஊசி போட்டு வயித்துக்கு சிடி, த்ரீ பேஸ். இத போய் எங்கிட்ட எழுதிக் காட்டணுமா?"

ஸ்கேன் சென்டரில், நாஷ்டா விஷயம் கேட்ட உடனே கவுண்டரில் இருந்த பெண் பேனாவை வைத்துவிட்டாள். மதியம் வரை உட்காருங்கள் என்றாள். ஏசி குளிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தசரதன் தன் வேலையெல்லாம் கெட்டுப்போவதை நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு அடுக்குமாடியில் மேல்தொட்டி காலி, காலையிலிருந்து போன் மேல் போன். பக்கத்தில் துரைராஜ் வாயைத் திறந்து தூங்கினான்.

மதியம் அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டு, டை ஊசி போட்டு வயிற்றுக்கு சிடி என்று தசரதன் சொன்னதை எழுதிக்கொண்டாள். பிறகு முகாமில் கொடுத்த பழைய ஸ்கேன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டாள்.

"அலர்ஜி ஏதாவது இருக்கா? சர்க்கரை? குடிப்பழக்கம் எவ்வளவு வருஷமா?"

துரைராஜ் எழுந்து நின்றுவிட்டான். "எவ்ளோ வருசமாவா? ஏம்மா, ஒரு சொட்டு தொட்டதில்ல நான். ஈரல்னு சொன்னா போதும், குடிகாரன்னு முடிவு பண்ணிடுவீங்களா? இதோ குந்திகினுகீறாரே எங்க மாப்ள, ஞாயித்துக்கிழமை ஆனா இவரு..."

"மச்சான், குந்து."

"இவர கேளு. இவருக்கு ஒண்ணியும் இல்ல. எனக்கு வந்துகீது."

குடிப்பழக்கம் இல்லை என்று அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். உள்ளே அழைத்துப் போகும் முன்னால் தசரதன் கவுண்டரில் கையை ஊன்றி, குரலைத் தாழ்த்தி, தொழில்காரன் தொழில்காரனிடம் கேட்பதைப் போலக் கேட்டான்.

"ஏம்மா, இங்க த்ரீ பேஸ் கீதுல்ல?"

"என்ன சார்?"

"கரண்ட்டு. த்ரீ பேஸ்தான?"

"ஆமா சார், த்ரீ பேஸ்தான். பவர் போனா ஜெனரேட்டரும் இருக்கு."

"அப்ப சரி," என்று தசரதன் திருப்தியாக உட்கார்ந்தான்.

வெளியே வந்த துரைராஜின் முகம் வெளுத்திருந்தது. "மாப்ள, அந்த ஊசிய போட்டதும் தொண்டையில இருந்து கால் வரைக்கும் குபீர்னு சூடு. ஒண்ணுக்குப் போயிட்டேனோன்னு நெனச்சிட்டேன். தடவிப் பாத்தேன், இல்ல."

"மூச்ச அடக்கச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. அடக்கினேன். ஒரு தபா."

"ஆடாம இருந்தியா?"

"ஆடாமதான்யா இருந்தேன்! இன்னா, பரீட்சையா வைக்கிற?"

இரண்டு நாள் கழித்து, படத்தையும் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் போனார்கள். சின்மயி கம்ப்யூட்டரில் படத்தை ஓட்டிப் பார்த்தார். மேலே கொண்டு போனார், கீழே கொண்டு வந்தார். பிறகு அந்த உறையை வாங்கி உள்ளே வேறு எதுவும் இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்தார்.

"மீதிப் படம் எங்க?"

"அவ்ளோதான் மேடம் குடுத்தாங்க."

"இதுல ஒரே பேஸ்தான் எடுத்திருக்காங்க. கட்டி இருக்குன்னு தெரியுது, அது எனக்கு முன்னாடியே தெரியும். என்ன கட்டின்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது. நான் த்ரீ பேஸ்னு சொல்லியிருந்தேனே?"

தசரதனுக்கு வந்த கோபத்தில் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"அப்பவே நெனச்சேன் மேடம்! கேட்டுதான் உள்ள அனுப்பினேன். த்ரீ பேஸ் கீதான்னேன், கீதுன்னாங்க. ஜெனரேட்டர் கூட கீதுன்னாங்க. லைன்ல ரெண்டு பேஸ் புட்டுகிச்சின்னா மெஷின நிறுத்தணுமா வாணாமா? ஒரு மோட்டாரே ஓடாது, இவனுங்க மனுசன உள்ள படுக்க வெச்சிகினு ஓட்டிகீறானுங்க!"

சின்மயி அவனைப் பார்த்தார். துரைராஜைப் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார்.

"எந்த லைன்ல?"

"கரண்ட் லைன்ல மேடம்."

டாக்டர் நெற்றியை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டார். சிரிப்பா, எரிச்சலா, இரண்டுமா என்று சொல்ல முடியவில்லை.

"நான் கரண்ட்டைச் சொல்லல. சீட்டுல எழுதியிருந்தேனே, அதைக் காட்டலையா?"

"சீட்டு துவைச்சிட்டாங்க," என்றான் துரைராஜ்.

"துவைச்சிட்டாங்களா?" சின்மயி ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டுவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஈரலை வரைந்தார், நடுவில் ஒரு வட்டம். "டை ஊசி போட்டதும் அந்த மருந்து ரத்தத்தோட ஓடும். ஓடும்போது மூணு நேரத்துல மூணு படம் எடுக்கணும். அதைத்தான் த்ரீ பேஸ்னு சொல்றோம். கேன்சர் கட்டியா இருந்தா, முதல் படத்துல மத்த ஈரலுக்கு முன்னாடி அது பளிச்சுன்னு வெள்ளையாகும். அடுத்தடுத்த படத்துல ஈரல் வெள்ளையாவே இருக்கும், கட்டி மட்டும் கறுத்துப்போயிடும். சாதாரணக் கட்டி பெரும்பாலும் இப்படிப் பண்ணாது. ஒரு படத்தை மட்டும் பார்த்தா அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது."

துரைராஜ் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஓட்டை சம்ப் மாதிரி," என்றான்.

"என்ன?"

"லாரியில இருந்து வூட்டுக்கு அடியில கீற தொட்டிக்கு தண்ணி வுடறோம்ல மேடம். வுட்ட உடனே பாத்தா எல்லா சம்ப்பும் ஒண்ணுதான். கொஞ்ச நேரம் கழிச்சு தொறந்து பாத்தா, ஓட்டை சம்ப் மட்டும் எறங்கிப் போயிருக்கும்."

"கிட்டத்தட்ட அப்படித்தான்," என்றார் சின்மயி. "மறுபடி எடுக்கணும். இங்கயே எடுத்துக்குங்க, நான் பேசிச் சீக்கிரம் போடச் சொல்றேன். மறுபடி டை ஊசி போடப்போறதால, முதல்ல கிட்னிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. இந்தத் தடவை சீட்டை நானே உள்ள அனுப்பிடறேன். யார் கையிலயும் கொடுக்க மாட்டேன்."

வெளியே வந்து வேளச்சேரி ரோட்டில் பஸ் ஸ்டாப் வரை நடந்தார்கள். தசரதனுக்குக் காது மடல் எரிந்தது. சட்னி, சீட்டு, மூச்சு என்று எல்லாவற்றுக்கும் இந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே வந்தவன் அவன். இப்போது துரைராஜ் ஒரு வார்த்தை குத்திக் காட்டினால் கூட வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. துரைராஜ் குத்திக் காட்டவில்லை. வேறு ஒன்று சொன்னான்.

"நான் வரல மாப்ள."

"எங்க?"

"ஸ்கேனுக்கு. இன்னொரு தபா அந்த ஊசி, அந்தக் குழாய்க்குள்ள படுக்கறது, அதெல்லாம் வாணாம். கேன்சர்னா கேன்சர்னு சொல்லட்டும். இல்லன்னா வுட்டுடட்டும். கட்டி பாட்டுக்குக் கெடக்கு. என் பாட்டுக்கு நான் வண்டி ஓட்டறேன்."

"படம் எடுக்காம எப்பிடி மச்சான் சொல்லுவாங்க?"

"அது அவங்க பேஜாரு."

"அவங்க பேஜாரா?" தசரதனின் குரல் உயர்ந்தது. பஸ்ஸுக்கு நின்றிருந்த நாலு பேர் திரும்பினார்கள். "உன் வயித்துல கீது, அவங்க பேஜாரா? வூட்டுல உன் தங்கச்சி ரெண்டு நாளா அடுப்ப பத்த வெக்காம குந்திகினுகீறா. எனக்கு வேல வெட்டி இல்லன்னு உன் பின்னால சுத்திகினுகீறேனா? நாஷ்டான்றே, சீட்ட தண்ணியில போடறே, இப்ப வரலன்றே! உன்ன வெச்சிகினு நான் இன்னாதான்யா பண்றது?"

"கத்தாத. நீதான் ஒயுங்கா கேக்கல. கரண்ட்ட கேட்டுட்டு வந்தே."

தசரதனின் கோபத்துக்குப் போக இடம் இல்லை. பஸ் ஒன்று வந்து நின்று, போயிற்று.

"சரி," என்றான். "தப்பு என்னுது. உன்னுது இல்ல. எனக்குத் தெரிஞ்ச வார்த்தையா வந்துச்சா, எல்லாம் தெரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிட்டேன். அதுக்கு உன் உசுர வெக்காத. ஒரு தபா வா."

துரைராஜ் அவன் பக்கம் முழுசாகத் திரும்பினான். முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு தெளிவு.

"இன்னொரு தபா சொல்லு."

"எத?"

"தப்பு என்னுதுன்னு சொன்னியே. இத்தினி வருசத்துல உன் வாயில இருந்து கேட்டதே இல்ல மாப்ள. ஒயுங்கா காதுல வியல."

தசரதன் பல்லைக் கடித்துக்கொண்டே இன்னொரு தரம் சொன்னான்.

"வரேன்," என்றான் துரைராஜ். "ஆனா நீயும் துன்னாம வரணும்."

இரண்டு பேரும் துன்னாமல்தான் போனார்கள். டீ கூட இல்லை. பச்சையம்மா காலையில் அண்ணனின் மாடி அறை வாசலிலேயே உட்கார்ந்து காவல் காத்தாள். வெளியே நாற்காலியில் இருந்த தசரதனுக்குப் பசியில் தலை சுற்றியது. இந்த மனுஷனுக்கு வந்ததற்கு நான் ஏன் பட்டினி என்று எரிச்சலாகவும் இருந்தது. கதவுக்குப் பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. மூச்சை அடக்குங்க என்று ஒரு பெண் குரல் ஒலிபெருக்கியில் சொன்னது. கொஞ்சம் விட்டு மறுபடி சொன்னது. தசரதன் தன்னை அறியாமல் ஒவ்வொரு தடவையும் மூச்சை அடக்கினான்.

துரைராஜ் சட்டையைப் போட்டுக்கொண்டே வெளியே வந்து நாலு விரலைக் காட்டினான். "நாலு தபா அடக்கச் சொன்னாங்க மாப்ள. ஊசிக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி மூணு. அந்தம்மா த்ரீ பேஸ்தான கேட்டாங்க? ஒண்ணு ஃப்ரீ."

மறுநாள் சின்மயி படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதல் படத்தில் சாம்பல் நிற ஈரலுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு, விளக்குப் போட்டதைப் போல. கடைசிப் படத்தில் ஈரல் வெளுத்திருந்தது. பொட்டு இருந்த இடத்தில் கறுப்பு.

துரைராஜ் ரொம்ப நேரம் பார்த்தான். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "எறங்கிப் போச்சு," என்றான்.

"ஆமா," என்றார் சின்மயி. "இது ஈரல் கேன்சர்தான். உங்களுக்குப் பல வருஷமா அந்தக் கிருமி இருக்கு, ஈரலும் சுருங்கியிருக்கு. அதனால படத்துல இப்படித் தெரிஞ்சாலே போதும், சதை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. நான் மத்த டாக்டர்களோடயும் பேசிட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, சின்னதா இருக்கு, ரத்தக் குழாய்க்குள்ள போகல. வெளியிலிருந்தே ஒரு ஊசி மாதிரி உள்ள விட்டு அதைச் சுட்டுடலாம். அதுக்கப்புறமும் அடிக்கடி வந்து படம் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருக்கணும். மறுபடி வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நல்ல நேரத்துல பிடிச்சிருக்கோம்."

தசரதனின் தலை பழக்கத்தில் ஆடத் தொடங்கியது. அவனே அதை நிறுத்தினான்.

"மேடம், ஒரு நிமிஷம். சுடறதுன்னா இன்னா?"

"சூட்டால கட்டியைக் கருக வைக்கிறது."

"எந்தச் சூடு? நெருப்பா?"

"இல்ல. கரண்ட்டால வர்ற சூடு."

துரைராஜ் மெதுவாக, "மாப்ள," என்றான்.

"இன்னா?"

"சிங்கிள் பேஸா, த்ரீ பேஸான்னு இப்பவே கேட்டு வெச்சுக்கோ."

சின்மயி வாயைப் பொத்திக்கொண்டார். தசரதனுக்கு, இந்த நேரத்திலும் இந்த ஆளுக்கு வாய் அடங்காதா என்று பொங்கி வந்தது. திரும்பியபோது துரைராஜின் கை முழங்காலின் மேல் இருப்பதைப் பார்த்தான். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. அது துணியைக் கொத்தாகப் பிடித்து விடாமல் இறுக்கிக்கொண்டிருந்தது.

"மேடம்," என்றான் தசரதன், முகத்தை மாற்றாமல். "மச்சான் கேக்கறாரு. சிங்கிளா, த்ரீயா?"

"மெஷினைப் பார்த்துட்டுச் சொல்றேன்," என்றார் சின்மயியும் அதே மாதிரி. "வியாழக்கிழமை அட்மிட் ஆகணும். வெறும் வயித்துல வரணும்."

"நாஷ்டாவும் சேத்துதான மேடம்?"

"நாஷ்டா, டீ, பிஸ்கட், எல்லாம் சேர்த்து."

"கேட்டுகினியா?" என்று தசரதன் திரும்பினான். துரைராஜ் காது கேட்காதவனைப் போலச் சுவரைப் பார்த்தான்.

வாசலுக்கு வருவதற்குள் பச்சையம்மாவின் போன். தசரதன் அதைத் துரைராஜிடம் நீட்டினான். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நீயே சொல்லு மாப்ள. அந்தம்மா சொன்ன மாதிரியே சொல்லு. எதையும் வுட்டுடாத."

தசரதன் போனைக் காதில் வைத்தான். "பச்சை, கேன்சர்தான்னு சொல்ட்டாங்க..." என்று தொடங்கியதுமே அந்தப் பக்கம் ஓவென்று அழுகை கிளம்பிவிட்டது. அண்ணா, அண்ணா என்று அவள் கத்துவது ரோட்டு இரைச்சலையும் தாண்டிக் கேட்டது. அவன் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். மூன்றாவது தடவை, ஆஸ்பத்திரி வாசல் என்றும் பாராமல், தொண்டை கிழியக் கத்தினான்.

"ஏய், முழுசா கேளுடி! ஒரு பேஸ்தான் சொல்லிகீறேன். இன்னும் ரெண்டு கீது!"